யாரும் உட்காராத நாற்காலி

அத்தியாயம் 11

ஜொவிட்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பசி போய்விடும். திங்கட்கிழமை இரவு வந்த சந்தேகம், வியாழக்கிழமை காலை வரை அவளைச் சரியாகச் சாப்பிட விடவில்லை. அடையாறு வீட்டில் கணவர் எடுத்து வைத்த இட்லியைப் பிய்த்தாள், சட்னியில் தொட்டாள், திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சண்டை போடப் போற," என்றார் அவர்.

"நாற்காலியைப் பார்க்கப் போறேன்."

"அதைத்தான் சொன்னேன்."

சாந்தோமில் ஜொவிட்டாவின் அப்பா மரியதாஸின் பழைய வீடு இடிபடப்போகிறது. அந்த இடத்தில் அடுக்குமாடி வருகிறது. வீட்டுச் சாமான்களில் பாதி கழிந்துவிட்டது. மிச்சத்தில் மதிப்புள்ளவை எட்டு நாற்காலிகள்தான். ஜொவிட்டாவின் அம்மா மர்சலினுக்குக் கல்யாணச் சீராக வந்தவை. கறுப்புச் சாயத்தின் மேல் தங்கக் கொடி ஓடும். கொடியில் சிவப்புப் பூ, பூவுக்குப் பூ ஒரு பச்சைக்கிளி. மர்சலின் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. நாற்காலிகளை மொத்தமாகப் பாலவாக்கத்தில் இருக்கும் ஷோயப் என்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மரியதாஸ் முடிவு செய்திருந்தார்.

ஏழு போகட்டும் என்று ஜொவிட்டாவும் சொல்லிவிட்டாள். எட்டாவதை மட்டும் கேட்டாள். செப அறையில் இருக்கும் மாதா நாற்காலி அது. அக்டோபர் மாதம் பங்குக் கோயில் மக்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுவருவார்கள் அல்லவா, அன்று ஒரு நாள் சுரூபத்தை அதில் வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் மேலே வெள்ளைக் குரோஷே விரிப்போடு சும்மா இருக்கும். அதில் மனுஷர் யாரும் உட்காரக் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை ஏறி உட்கார்ந்ததற்கு ஜொவிட்டா வாங்கிய அடி இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் பொருள் என்று அவள் கேட்டது அது ஒன்றைத்தான். "செட்டைப் பிரிக்க வேண்டாம்மா," என்று அப்பா நழுவிவிட்டார்.

அந்த மனத்தாங்கலோடு அவள் சாந்தோம் வீட்டில் இருந்தபோதுதான், திங்கட்கிழமை இரவு, தம்பி மேத்யூ குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் கைப்பேசி அடித்தது. இவள் எடுத்தாள். ஷோயப்தான்.

"செப அறையில இருக்கற நாற்காலியும் சேர்த்துத்தானே மேடம்? எங்களுக்கு அதுதான் முக்கியம்."

மேத்யூ அனுப்பிய படத்தில் இருந்தவை கூடத்து நாற்காலிகள் ஏழு மட்டும். செப அறை என்று ஒன்று இருப்பதும், அதில் தனியாக ஒரு நாற்காலி இருப்பதும் இந்த மனிதருக்கு யார் சொல்லித் தெரியும்?

ஜொவிட்டா எங்கும் அலையவில்லை. அவள் சந்தேகம் நேராகத் தம்பி பெண்டாட்டி தீபிகாவிடம் போய் உட்கார்ந்துகொண்டது. தீபிகா தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். சாத்தூர்ப் பக்கம் பூர்வீகம். மேத்யூவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். போன வருடம் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்ன வேண்டும் என்று, தன் அண்ணன் ராம்குமாரின் கடை வண்டியில் ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பியதும் அவள்தான். அங்கே அசலை வைத்துக்கொண்டு நகலை அனுப்பியிருந்தால்? அசல் ஏற்கெனவே பாலவாக்கம் போயிருந்தால்? பள்ளியில் டீச்சராகப் பரீட்சைத் தாளில் காப்பியடித்தவர்களைக் கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்கு எல்லாமே பொருந்தி வந்தது.

விற்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர் ஒருவர் நாற்காலிகளின் நிலைமையைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். ஆளையும் அவளே ஏற்பாடு செய்தாள்.

"அது மட்டும் மாறியிருந்ததுன்னா," என்றாள் கணவரிடம், செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ இருக்கற வீட்ல நான் இனிமே கை நனைக்க மாட்டேன். மேத்யூ வந்து கூப்பிட்டாலும் சரி."

அவர் தலையாட்டினார். இருபது வருடக் குடித்தனத்தில் எப்போது தலையாட்ட வேண்டும் என்று கற்றிருந்தார்.

-

வேதாந்தம் மயிலாப்பூரிலிருந்து தன் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அருங்காட்சியகம் ஒன்றில் பழம்பொருள்களைப் பழுது பார்க்கும் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் பை. உள்ளே நுழைந்ததும் நாற்காலிகளைப் பார்க்கவில்லை, மனிதர்களைப் பார்த்தார். ஒவ்வொருவரையும் ஒரு திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாற்காலியை எங்காத்துல கொள்ளுத் தாத்தா காலத்துலேர்ந்து வச்சிண்டிருக்கோம்னு எல்லாரும் சொல்வா. நான் அதெல்லாம் காதுல போட்டுக்கறதில்லை. நாற்காலியே சொல்லும். காபிக்கு அரை ஸ்பூன் சக்கரை போறும்."

போகிற வீடெல்லாம் இதையே சொல்வார் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஆனால் ஜொவிட்டாவுக்குப் பிடித்திருந்தது. தன்னைப் போலவே யாரையும் நம்பாத ஒரு ஆள் கிடைத்ததில் அவளுக்குப் பாதிப் பசி திரும்ப வந்துவிட்டது.

மேத்யூ வேலைக்குப் போயிருந்தான். மரியதாஸ் ஜன்னலோரம் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வீட்டிலும் யாருக்கு எப்போது லீவு தர வேண்டும் என்பது போலத்தான் பேசுவார். தீபிகா காபி கொண்டு வந்தாள். நல்ல உயரம்; நிலைப்படிக்குச் சற்றுக் குனிந்துதான் வருவாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் கலகலத்தது. ஜொவிட்டா காபியை எடுத்துக்கொண்டாள், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேதாந்தம் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்தார். காலை ஆட்டிப் பார்த்தார். மூட்டுகளில் நகத்தால் தட்டினார். பூச்சி அரித்த பொடி உதிர்கிறதா என்று கீழே வெள்ளைத் தாளை விரித்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்து மூலையில் ஒரு துளி இடம் துடைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஊதா வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சை எடுத்தார். அந்த வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் லேசான பச்சையாக மினுங்கியது. பூக்கள் மட்டும் அங்கங்கே திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் தெரிந்தன.

"இந்தப் பூவுல கை வச்சது யாரு?"

ஜொவிட்டா நிமிர்ந்தாள். "கை வச்சதுன்னா?"

"உதிர்ந்த எடத்துல பின்னாடி யாரோ பூசியிருக்கா. அதுவும் பெயிண்ட் இல்லை." பஞ்சை எதிலோ தோய்த்து ஒற்றி, மோந்து பார்த்தார். "நெயில் பாலிஷ்."

ஜொவிட்டா தீபிகாவின் நகங்களைப் பார்த்தாள். அதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அது மர்சலின் கைவேலை," என்றார் மரியதாஸ். "வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சிவப்பு பாட்டிலை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுவா."

"கிளிக்கு மட்டும் பச்சை கிடைக்காது மாமா," என்றாள் தீபிகா. "குடிலுக்கு அடிச்ச பெயிண்ட்ல மிச்சம் இருக்குமே, அதைத்தான் அத்தை தொட்டு வைப்பாங்க."

வேதாந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணினா. போகட்டும், அதுக்குக் கீழே அசல் பத்திரமாத்தான் இருக்கு."

ஜொவிட்டாவுக்கு அது உள்ளே போய்க் குத்தியது. காலேஜில் படித்தபோது அம்மாவின் மேஜை இழுப்பறையில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷைப் பார்த்திருக்கிறாள். நகத்துக்குச் சாயம் பூசினால் திட்டு விழும் வீட்டில் இது எதற்கு என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டாள். நேற்று வந்தவளுக்குக் கிளியின் பச்சை வரைக்கும் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

"அந்த ஷோயப் எப்படிப்பட்ட ஆளுப்பா?" என்றாள் பேச்சை மாற்ற.

"நல்ல பையன்தான்," என்றார் மரியதாஸ்.

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

பேப்பரின் பக்கம் திரும்பியது. "ஃபோன்ல பேசினா தெரியாதா?"

-

செப அறை வீட்டின் பின்கட்டில், கொல்லைக் கதவை ஒட்டியிருந்தது. சின்ன அறை. சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே மின்விளக்கு, ஓரமாக மாதா நாற்காலி. இந்த அறையை நினைத்தால் ஜொவிட்டாவுக்கு முதலில் ஞாபகம் வருவது சாத்திய கதவுதான். மாதத்தின் முதல் வெள்ளி மதியம் மர்சலின் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் செபம் செய்வாள். அப்போது வீட்டில் இருப்பவர்கள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மரியதாஸ் பள்ளிக்கூடத்தில் இருப்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்த நேரத்துக்குப் பங்குச் சபைக் கூட்டம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் வெள்ளி பக்தியில் மர்சலினை அடித்துக்கொள்ளப் பங்கிலேயே ஆள் இல்லை என்பது ஜொவிட்டாவுக்குப் பெருமை.

வேதாந்தம் குரோஷே விரிப்பை எடுத்தார். குனிந்தார். டார்ச்சை முன்னால், பின்னால், பக்கவாட்டில் பிடித்தார்.

"இதுல யார் உட்காருவா?" என்றார்.

"யாருமே உட்கார மாட்டாங்க. இது மாதா நாற்காலி."

"அப்படியா." அவர் நிமிரவில்லை. "இங்க வாங்கோ. முன்னங்கால் ரெண்டையும் சேர்க்கற இந்தச் சட்டத்தைப் பாருங்கோ. நடுவுல சாயமே இல்லை, மரம் தெரியறது. யாரோ வருஷக்கணக்கா குதிகாலை ஊனிண்டு உட்கார்ந்திருக்கா. மத்த ஏழுலயும் இந்தத் தேய்மானம் கிடையாது."

ஜொவிட்டா பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது. நாற்காலியை யார் கவிழ்த்துப் பார்த்தார்கள்? விரிப்பு வேறு முன்னால் தொங்கிக்கொண்டு அதை மறைத்திருந்தது.

"அப்ப இது எங்க நாற்காலியே இல்லை சார்."

சொன்னதும் அவளுக்கு உடம்பே லேசானது போல இருந்தது. திரும்பினாள். தீபிகா வாசல்படியில் நின்றிருந்தாள்.

"போன வருஷம் உங்க அண்ணன் வண்டியில எட்டு நாற்காலி போச்சு. திரும்பி வந்தது எது தீபிகா?"

"ஏழுதான் அண்ணி போச்சு. இதுல பிரம்பு நல்லா இருந்துச்சு, அனுப்பல."

"நீ சொல்ற. பார்த்தது யாரு?"

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருக்கேளா?" வேதாந்தம் நாற்காலியைப் பூப்போலப் படுக்க வைத்தார். "பிரம்பு பழசு, பின்னினவன் கை பழசு. அடிக்கட்டையில மெழுகு சொட்டி உறைஞ்சு கிடக்கு, அது மேல தூசி படிஞ்சு அதுவும் உறைஞ்சு போச்சு. சாயம் அதே சாயம், கொடி போட்டவன் அதே ஆள். இது செட்டுல உள்ளதுதான். யாரும் மாத்தலை."

அக்டோபர் மாத மெழுகுவர்த்திகள். ஜொவிட்டாவே எத்தனையோ வருடம் ஏற்றி வைத்தவை.

வேதாந்தம் விடவில்லை. வலது கைப்பிடியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். "இங்க பாருங்கோ, மணிக்கட்டு வர்ற எடம். குறுக்க குறுக்க மெல்லிசா கீறல். வளையல் கீறல். தங்க வளையல் இப்படிக் கீறாது, மழமழன்னு தேய்க்கும். இது கண்ணாடி வளையல். கை நிறையப் போட்டுண்டு, பேசறச்சே கையை ஆட்டிண்டே பேசற யாரோ."

மர்சலின் கையில் கல்யாண வளையல் இரண்டு உண்டு, தங்கம். கண்ணாடி வளையல் அவள் போட்டதே கிடையாது. ஜொவிட்டா போட்டுக்கொள்வது கடிகாரம் மட்டும்.

இப்போது எல்லோரும் தீபிகாவின் கையைப் பார்த்தார்கள். தீபிகாவும் பார்த்தாள்.

"ஏறி உட்கார்ந்தியா?" ஜொவிட்டாவின் குரல் தாழ்ந்து வந்தது. "எங்கம்மா உயிரா வச்சிருந்ததுல? உனக்கு மாதா இல்லைன்னா போகட்டும். எங்கம்மாவும் இல்லையா?"

தீபிகாவின் கண் நிறைந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவையும், கொல்லைக் கதவை ஒரு தடவையும் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜொவிட்டா குறித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு இந்த ஆத்துக்கு வந்து எத்தனை வருஷம் ஆறது?" என்றார் வேதாந்தம், டார்ச்சைப் பையில் வைத்துக்கொண்டே.

"ஏழு."

"அப்போ இவளை விட்டுடுங்கோ. கீறலுக்குள்ள அழுக்கேறிக் கறுத்துக் கிடக்கு. இவ பள்ளிக்கூடம் போயிண்டிருந்தப்போ விழுந்த கீறல் எல்லாம் இதுல இருக்கு. அதோட இவ உயரத்துக்கு இந்தச் சட்டத்துல குதிகாலை வச்சா முழங்கால் மோவாயை இடிக்கும். இதுல உட்கார்ந்தவா குள்ளம். கால் தரையில எட்டாது."

நிலைமை மொத்தத்தில் நன்றாக இருக்கிறது, நெயில் பாலிஷை மட்டும் யாரும் சுரண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, நாற்காலியோடு முடிந்தது.

-

அப்பா மதியச் சாப்பாட்டை முடித்து மாடிக்குத் தூங்கப் போகும் வரை ஜொவிட்டா காத்திருந்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். தீபிகா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

மன்னிப்பு என்று ஒன்று கேட்க வேண்டும் என்பது ஜொவிட்டாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் வரவில்லை.

"நீ உட்காரலை. சரி. யார் உட்கார்ந்தாங்கன்னு உனக்குத் தெரியும்."

தீபிகா இன்னொரு தட்டை எடுத்துத் தேய்த்தாள்.

"செப அறை நாற்காலின்னு அந்த ஷோயப்புக்குச் சொன்னது யாரு?"

தீபிகா குழாயை மூடினாள். "நாற்காலியெல்லாம் விற்கப் போறாங்கன்னு நான்தான் ஃபோன் பண்ணிச் சொன்னேன் அண்ணி."

நான்கு நாளாகத் தேடியது கையில் வந்து விழுந்தது. ஆனால் ஜொவிட்டா எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. சொன்னவள் முகத்தில் திருட்டுத்தனம் இருந்தால் அல்லவா சந்தோஷம் வரும்?

"யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு நீ ஏன் ஃபோன் பண்ணணும்?"

"அத்தைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். கேக்காதீங்க."

"என் அம்மா. என் வீடு. எங்கிட்ட மறைக்கச் சொல்லி உங்கிட்ட சத்தியம் வாங்கினாங்களா?"

"ஆமா," என்றாள் தீபிகா. அவளுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. "உங்ககிட்டன்னு பேர் சொல்லியே வாங்கினாங்க."

ஜொவிட்டா போய் செப அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் நாற்காலிகளைப் பார்க்க ஷோயப் வருவதாக இருந்தது; யார் வந்தாலும் இந்த நாற்காலி இந்தப் படியைத் தாண்டாது. ஷோயப்பிடம் பேச வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் மரியாதையாக ஆரம்பிப்பது. அப்புறம் தீபிகாவை எப்படித் தெரியும் என்று கேட்பது. தடுமாறினால் பிடித்துக்கொள்வது.

நான்கு மணிக்கு வாசலில் கார் சத்தம் கேட்டது. ஷோயப் உள்ளே வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, மெல்லிய தாடி, செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கூடத்து நாற்காலிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்கதான் ஜொவிட்டாவா?" என்றார். திங்கட்கிழமை ஃபோனில் சொன்ன 'மேடம்' காணாமல் போயிருந்தது.

"என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கொல்லைப்பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஜொவிட்டா எழுந்து திரும்பினாள். தீபிகா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். பக்கத்துச் சந்து வழியாக ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள். கறுப்புப் புர்கா, முகம் திறந்திருந்தது. எழுபது வயது இருக்கும். குள்ளம். வாசல் வழியாக வராமல் இந்தச் சந்தில் வர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. படியில் ஒரு கல் ஆடும், அதை மிதிக்காமல் தாண்டி ஏறினாள்.

"அமீனா பீ," என்றாள் தீபிகா மெதுவாக. "ஷோயப் அண்ணனோட அம்மா."

அமீனா பீ யாரையும் பார்க்கவில்லை. செப அறைக்குள் வந்தாள். சுவரில் இருந்த திருஇருதயப் படத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு குரோஷே விரிப்பை இரண்டாக மடித்து, எப்போதும் வைக்கிற இடம் போல ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜொவிட்டா தடுக்க வேண்டும். தடுக்கத்தான் மதியத்திலிருந்து காத்திருந்தாள். அவள் பார்வை முதலில் கீழே போனது. அந்த அம்மாளின் கால் தரையில் எட்டவில்லை. குதிகால்கள் இரண்டும் தாமாகச் சட்டத்தின் நடுவில், சாயம் போன அந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. வலது கை கைப்பிடியில் படிந்தது. புர்கா விலகி, முன்கையில் பாதி வரை கண்ணாடி வளையல் தெரிந்தது.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் மூக்கு. அம்மாவின் மேலுதடு. வாயை அழுத்தி மூடிக்கொண்டு அழுகையை அடக்கும் அதே விதம்.

"யாரு நீங்க?" என்றாள் ஜொவிட்டா.

"மர்சலினுக்குக் கூடப் பிறந்தவ," என்றாள் அமீனா பீ. "அமலோற்பவம்னு பேரு. இவன் வாப்பாவைக் கட்டிக்கிட்டப்ப எங்கப்பா செத்தாலும் என் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அக்காகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு, அவளை வாசப்படி ஏத்த மாட்டேன்னு. அக்கா வாசப்படி ஏத்தல. கொல்லைப் பக்கம் கூட்டிட்டு வந்தா. மாசத்துல முதல் வெள்ளி. எல்லாரும் செபம் பண்றான்னு நினைச்சுக்குவாங்க, யாரும் வரமாட்டாங்கன்னா." வளையல் ஒலித்தது. "நான் கீழே உட்கார்ந்துக்கறேன்னுதான் சொன்னேன். அவ விடல. எல்லாரும் உன்னைத் தள்ளி வச்சாங்க இல்ல, நீ இதுலதான் உட்காரணும்னு சொல்லிட்டு, அவ தரையில உட்கார்ந்துக்குவா."

மர்சலின் தரையில், தங்கை மாதா நாற்காலியில். ஜொவிட்டா கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்கு முன்னால், மேத்யூ இந்துப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளில், வீடே இரண்டுபடும் என்று அவள் அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். அம்மா அதற்குள் சரி என்று சொல்லிவிட்டிருந்தாள். ஒரே நாளில், ஒரே வார்த்தையில். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அந்தப் பெண் அம்மாவை என்னவோ செய்து மயக்கிவிட்டாள் என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தாள்.

"வந்த முதல் மாசமே அத்தை என்னைத்தான் கொல்லைக் கதவைத் திறக்கச் சொன்னாங்க அண்ணி," என்றாள் தீபிகா.

ஜொவிட்டா அவளைப் பார்த்தாள். இப்போதும் மன்னிப்பு வாய் வரை வந்தது. அது வெளியே வருவதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஷோயப் ஒரு அடி முன்னால் வந்தார். அமீனா பீ நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். சட்டத்திலிருந்து கால் வழுக்கியது. இத்தனை வருடம் எந்த மனிதருக்குத் தெரியக் கூடாது என்று கொல்லைச் சந்தில் நடந்தாளோ, அந்த மனிதர் தூக்கம் கலைந்த முகத்தோடு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, செப அறை வாசலுக்கு வந்து நின்றார்.

மரியதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். கோபம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை.

"உட்காரு அமலி," என்றார். "இன்னிக்கு முதல் வெள்ளி இல்லையே. அதான் நான் வெளியே போகல."

அமீனா பீ வாயில் கையை வைத்துக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டு அவர் போன அத்தனை கூட்டங்களும் ஜொவிட்டாவின் கண் முன்னால் வந்து போயின. அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தீபிகாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாலவாக்கத்தில் இருக்கும் இந்த ஷோயப்புக்குத் தன் பெயர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஆளாளுக்கு ஒரு பக்கம் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எல்லாக் கதவுக்கும் வெளியே நின்றது அவள் ஒருத்தி.

"எங்கிட்ட மட்டும் ஏம்ப்பா சொல்லல?"

மரியதாஸ் அமீனா பீயைப் பார்த்தார். அமீனா பீ அவரைப் பார்த்தாள். ஷோயப் மட்டும் ஜொவிட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லியும் கேட்காதவர் போல.

அமீனா பீயின் கை கைப்பிடியை இறுகப் பிடித்தது. வளையல்கள் பழைய கீறல்களின் மேல் ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கின.